பள்ளி புராஜக்டுக்கு கேம் தயாரிக்க எந்த சாப்ட்வேர்?

பள்ளியில் இப்போது சார்ட் பேப்பரும் தெர்மகோலும் மட்டும் புராஜக்ட் அல்ல. கம்ப்யூட்டரில் ஒரு சிறிய கேம் செய்து வா என்று சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வாங்கி இரண்டே மாதம் ஆன வீட்டில் இதைக் கேட்டதும் என்ன நடக்கிறது? யாரோ சொன்ன மிகப் பெரிய சாப்ட்வேரை இரவெல்லாம் டவுண்லோட் செய்கிறார்கள். இன்ஸ்டால் ஆனதும் கம்ப்யூட்டர் ஊர்கிறது, திரையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. கடைசி நாளில் யாரிடமாவது பணம் கொடுத்துச் செய்து வாங்குகிறார்கள். மதிப்பெண் கிடைக்கலாம். "இந்த எண்ணை மாற்றினால் என்ன ஆகும்?" என்று ஆசிரியர் கேட்டால் பிள்ளை விழிக்கும்.

எனவே சாப்ட்வேர் பெயரைப் பிறகு பார்க்கலாம், என்ன கேம் என்பதை முதலில் முடிவு செய்திடுங்கள். கார் ரேஸ், துப்பாக்கிச் சண்டை எல்லாம் வேண்டாம். ஊரிலேயே விஷயம் இருக்கிறது. தூத்துக்குடியை எடுத்துக்கொள்வோம். மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி கிடக்கும் கடலடித் திட்டுகளுக்குப் "பார்" என்று பெயர். தொள்ளாயிரம் பார் அவற்றில் பேர் பெற்றது. காலில் கல்லைக் கட்டிய கயிறு, இடுப்பில் வலைப் பை, ஒரே மூச்சு. இவ்வளவுதான் முத்துக்குளிப்பவரின் கருவிகள். கல்லின் கனத்தில் வேகமாக இறங்குவார். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பார். படகில் நிற்பவர் மேலே இழுப்பார். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். பேரப்பிள்ளைகள் கண்ணால் பார்க்காத தொழில் இது. ஆனால் கேமுக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது: குறைந்துகொண்டே போகும் மூச்சு, கூடிக்கொண்டே போகும் சிப்பி, "இன்னும் ஒன்று எடுக்கலாமா, மேலே போகலாமா" என்ற ஆசை.

இந்த கேமைச் செய்ய என்னுடைய பரிந்துரை ஸ்க்ராட்ச். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் 2007-ல் வெளியிட்ட இலவச புரோகிராம் இது. தமிழ்நாட்டு 10-ஆம் வகுப்பு அறிவியல் பாடநூலில் கடைசி அலகான "காட்சித் தொடர்பு" இதைத்தான் அறிமுகம் செய்கிறது என்பதால், ஆசிரியருக்கும் தெரிந்த சாப்ட்வேர். கட்டளைகளை டைப் செய்ய வேண்டியதில்லை. வண்ணக் கட்டைகளை மவுஸால் இழுத்து ஒன்றோடு ஒன்று பொருத்தினால் போதும். பொருந்தாத கட்டைகள் ஒட்டவே ஒட்டாது. எனவே எழுத்துப் பிழையால் புரோகிராம் நின்றுபோகும் தொல்லை இல்லை.

ஸ்க்ராட்ச் தளத்திலேயே பிரவுசரில் செய்யலாம். நெட் இணைப்பு விட்டு விட்டு வரும் வீடு என்றால் அதன் ஆப்பை டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். அக்கவுண்ட் எதுவும் தேவையில்லை. இப்போதைய பதிப்பான 3-க்கு விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். பழைய கம்ப்யூட்டராக இருந்தால் அதே தளத்தில் கிடைக்கும் 1.4 பதிப்பு ஓடும். ஒரு எச்சரிக்கை: 1.4-ல் செய்ததைப் பதிப்பு 3 திறக்கும். 3-ல் செய்ததை 1.4 திறக்காது. பள்ளிக் கம்ப்யூட்டரில் எது இருக்கிறது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இனி கேம். மேடை 480 புள்ளி அகலம், 360 புள்ளி உயரம். கடல் மட்டத்தை ஒய் 140 என்றும், தரையை மைனஸ் 140 என்றும் வைத்துக்கொள்வோம். ஸ்க்ராட்ச் நூலகத்தில் கடலடிப் பின்னணிப் படம் தயாராக இருக்கிறது. டைவர் படமும் உண்டு, ஆனால் அவர் நவீன உடுப்பில் இருப்பார். நம் ஊர்க்காரரை பெயிண்ட் பகுதியில் நீங்களே வரைந்துவிடுங்கள். கோணலாக இருந்தால் பரவாயில்லை.

"மூச்சு", "சிப்பி", "வருமானம்" என்று மூன்று வேரியபிள்களை உருவாக்கவும். கீழ் அம்புக்குறி கீயை அழுத்தினால் ஒய் மதிப்பு 4 குறைய வேண்டும்; ஸ்பேஸ் பாரை அழுத்தினால் 2 கூட வேண்டும். கல் இழுக்கும் வேகமும் ஆள் கயிறு இழுக்கும் வேகமும் ஒன்றல்லவே! மூச்சை 20-ல் தொடங்கி, தண்ணீருக்குள் இருக்கும் ஒவ்வொரு வினாடிக்கும் ஒன்று குறைக்கவும். இறங்க சுமார் 2 வினாடி, ஏற சுமார் 5 வினாடி போக, சிப்பி பொறுக்கக் கிடைப்பது 13 வினாடிதான். மூச்சு பூஜ்யமானால் பையில் உள்ள சிப்பி எல்லாம் போய்விடும். மேலே வந்தால் மூச்சு மறுபடி 20.

படகுக்கு வந்ததும் எடுத்ததெல்லாம் நமக்கே என்று எழுதிவிடாதீர்கள். ஆங்கிலேயர் காலத்தில் 19-ஆம் நூற்றாண்டில் சிப்பிக் குவியலில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்குதான் குளித்தவர்களுக்கு. சிப்பியை 3-ஆல் வகுத்து, ஃப்ளோர் கட்டையால் முழு எண்ணாக்கி, வருமானத்தில் சேர்க்கவும். இரண்டு சிப்பியோடு மேலே வந்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. வரலாற்றுப் பாடத்தில் இரண்டு பக்கம் சொல்வதை இந்த ஒரே கட்டை சொல்லிவிடும்.

கேமைத் தொடங்கும் பச்சைக் கொடிக்குக் கீழே மூன்று வேரியபிள்களுக்கும் தொடக்க மதிப்பு தர வேண்டும். இதை மறந்தால் முந்தைய ஆட்டத்தின் வருமானம் அப்படியே தொடரும். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

மற்ற சாப்ட்வேர்கள்? வெறும் கேள்வி பதில் கேம் போதும் என்றால் பவர்பாயிண்டில் ஹைப்பர்லிங்க் கொடுத்தே செய்திடலாம்; சரியான விடையில் க்ளிக் செய்தால் அடுத்த ஸ்லைடு. யாரும் இதைக் கேம் என்று மதிப்பதில்லை, ஆனால் ஒரே மாலையில் முடியும். ஜிடெவலப் இலவசம், திறந்த மூலம், கட்டளை எழுதாமலே "இது நடந்தால் அதைச் செய்" என்று அமைக்கலாம். ஸ்க்ராட்ச் பழகிய பிறகு பாருங்கள். 2014-ல் திறந்த மூலமாக வந்த கோடாட் நல்ல எஞ்சின், இன்ஸ்டால்கூடத் தேவையில்லை. ஆனால் புரோகிராம் எழுதத் தெரிய வேண்டும். யூனிட்டி பல ஜிபி இடம் பிடிக்கும், சி ஷார்ப் மொழியும் வேண்டும். பத்து நாள் புராஜக்டுக்கு அது நெத்திலி பிடிக்க விசைப்படகு. 12-ஆம் வகுப்பில் பைத்தான் படிக்கும் பிள்ளை பைகேம் முயலலாம். அதில் ஒரு சிக்கல்: தமிழ் எழுத்துகள் கொம்பும் காலும் இடம் மாறி வர வாய்ப்புண்டு. ஸ்க்ராட்சில் பாத்திரம் பேசும் கட்டையில் யூனிகோட் தமிழை நேராக டைப் செய்யலாம்.

எதுவானாலும் திருட்டு சிடியோ, "கிராக்" பைலோ வேண்டாம். இலவசமாகவே இத்தனை இருக்கும்போது வைரஸை ஏன் வீட்டுக்கு அழைக்க வேண்டும்? அடோபி ஃபிளாஷை நம்பிய பழைய பாடப் புத்தகங்களையும் ஒதுக்குங்கள். 2020 இறுதியோடு அதன் கதை முடிந்தது.

நேரம் மிஞ்சினால் இரண்டாம் கட்டம் சேர்க்கலாம். 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடியில் சிப்பிக்குள் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார்கள். அந்தக் கட்டத்தில் ஆள் இறங்க வேண்டாம். சிப்பிக்குள் மணி வைத்துக் காத்திருக்க வேண்டும்.

முடித்ததும் ஃபைல் மெனுவில் "சேவ் டு யுவர் கம்ப்யூட்டர்" க்ளிக் செய்து, ஆங்கில எழுத்தில் பெயர் கொடுத்து, பென் டிரைவிலும் மெயிலிலும் ஒவ்வொரு காப்பி வைக்கவும். பள்ளியில் ஸ்க்ராட்ச் இல்லையா? டர்போவார்ப் பேக்கேஜர் என்ற இலவசக் கருவியில் அந்த பைலைக் கொடுத்தால் ஒரே எச்டிஎம்எல் பைலாக மாற்றித் தரும். பிரவுசர் இருந்தால் போதும், நெட் இணைப்பு இல்லாமலே ஓடும். ஒப்படைப்பதற்கு முந்தைய நாள் வேறு ஒரு கம்ப்யூட்டரில் அதை ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.