குதிரைகளின் செரிமானக் கோளாறுகளும் தீவனப் பராமரிப்பும்

குதிரைகளின் இறப்புக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று சூலை எனப்படும் வயிற்றுவலி ஆகும். இது தனி நோயன்று; வயிற்றிலோ குடலிலோ ஏற்படும் பலவகைக் கோளாறுகளின் அறிகுறி. கொங்கு வட்டாரத்தில் ரேக்ளா பந்தயம், கோயில் திருவிழா, திருமண ஊர்வலம் ஆகியவற்றுக்காகக் குதிரைகள் வளர்க்கப்படுகின்றன. ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தை புகழ்பெற்றது. ஆனால் இவ்வட்டாரத்தின் தீவனமுறை மாட்டை மனத்தில் கொண்டு உருவானது. மாட்டுக்கு நன்மை செய்யும் தீவனம் குதிரைக்குத் தீங்காக முடிவதும் உண்டு.

செரிமான உறுப்புகளின் அமைப்பு

மாடு அசைபோடும் விலங்கு. அதன் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிரிகள் தீவனத்தை முதலில் நொதிக்க வைக்கின்றன. குதிரைக்கு ஒரே இரைப்பைதான். அதன் கொள்ளளவும் ஏறத்தாழ 8 முதல் 15 லிட்டர் மட்டுமே. தீவனம் முதலில் சிறுகுடலைக் கடந்து, அதன் பிறகே குருட்டுக்குடலையும் பெருங்குடலையும் அடைந்து நொதிக்கிறது. நார்ச்சத்திலிருந்து ஆற்றல் கிடைப்பது அங்கேதான்.

குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. உண்டது வயிற்றில் உப்பினால் இரைப்பை கிழிந்துவிடக்கூடும். இரைப்பையில் அமிலம் நாள் முழுவதும் சுரக்கிறது. அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே சுரக்கிறது. ஆகவே நெடுநேரம் பட்டினி கிடக்கும் குதிரைக்கு இரைப்பைப் புண் வருகிறது. பெருங்குடலில் ஒரு குறுகிய வளைவு உண்டு. காய்ந்த தீவனம் சிக்கி அடைத்துக்கொள்வது பெரும்பாலும் அவ்விடத்தில்தான்.

வரலாற்றுச் சான்று

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் இங்கு இறக்குமதியானதையும், அவற்றில் பெரும்பாலானவை விரைவில் மடிந்ததையும் குறித்துள்ளார். சமைத்த இறைச்சியும் சோறும் அவற்றுக்கு உணவாகத் தரப்பட்டன என்பது அவர் கூற்று. வறுத்த தானியமும் வெண்ணெயும் காய்ச்சிய பசும்பாலும் தரப்பட்டதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதியுள்ளார். வெப்பமும் பராமரிப்புக் குறைவும் இறப்புக்குக் காரணமாக இருந்திருக்கலாம். எனினும் புல் தின்னும் விலங்குக்கு இவை பொருந்தா உணவு என்பதில் ஐயமில்லை.

கொறங்காடும் சுண்ணாம்புச் சத்தும்

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பகுதிகளில் கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலங்கள் கொறங்காடு எனப்படுகின்றன. அங்கு வளரும் முக்கியப் புல் கொழுக்கட்டைப்புல். காங்கேயம் மாடுகள் இதை மேய்ந்தே வளர்கின்றன. இப்புல்லில் ஆக்சலேட் என்னும் பொருள் உள்ளது. மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்துவிடுகின்றன. குதிரை சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சுவது சிறுகுடலில். அதற்கு முன்பு ஆக்சலேட்டைச் சிதைக்க அங்கு நுண்ணுயிரிகள் இல்லை. எனவே ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்து உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. இப்புல்லை மட்டுமே மாதக்கணக்கில் மேயும் குதிரையின் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கும். முக எலும்பு வீங்கும். கால் மாற்றி நொண்டும்.

தவிடு இக்குறையை மேலும் பெரிதாக்குகிறது. அதில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லிலும் ஆக்சலேட் உண்டு. இதற்குத் தீர்வு, தவிட்டைக் குறைத்து, சுண்ணாம்புச் சத்து மிகுந்த குதிரைமசாலைச் சேர்ப்பதாகும். மருத்துவர் சொல்லும் அளவில் தாது உப்புக் கலவையும் தரலாம்.

அன்றாடத் தீவன முறை

* நார்த்தீவனம்: நாளொன்றுக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு, உலர் எடையில். 300 கிலோ குதிரைக்கு இது 4.5 முதல் 6 கிலோ. பலமுறையாகப் பிரித்துத் தரவேண்டும். முற்றிய சோளத்தட்டை நறுக்கிப் பசும்புல்லுடன் கலந்து தருவது நல்லது.
* தானியம்: 300 கிலோ குதிரைக்கு ஒரு வேளைக்கு 1.5 கிலோவைத் தாண்டக்கூடாது. மிகுந்தால் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலை அடைந்து அமிலமாகும். நல்ல நுண்ணுயிரிகள் மடியும். குளம்பு அழற்சியும் தொடரலாம்.
* கொள்ளு: புரதம் மிகுந்தது. வேகவைத்தால் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் குறைகின்றன. புளித்த கொள்ளைத் தரக்கூடாது.
* தண்ணீர்: எப்போதும் எட்டும்படி இருக்கவேண்டும். நொய்யல் படுகையில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பாக உள்ளது. உப்பு நீரைக் குதிரை குறைவாகவே குடிக்கும்; அதனால் குடல் அடைப்பு எளிதில் வரும். இயன்றவரை நல்ல தண்ணீர் வைக்கவேண்டும்.
* மாற்றம்: புதிய தீவனத்தை 7 முதல் 10 நாட்களில் சிறிது சிறிதாகப் பழக்கவேண்டும். சந்தையில் வாங்கிவரும் குதிரைக்கும் இது பொருந்தும்.

துணைத் தீவனங்கள்

வியர்க்க உழைக்கும் குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிராம் உப்பு தேவை. தரையில் தீவனம் தின்று மணல் சேரும் குதிரைகளுக்கு இசப்கோல் தரப்படுவதுண்டு. தொட்டியில் தீவனமிடுவது அதனினும் சிறந்த தடுப்பு. ஈஸ்ட் கலவை நார்ச்சத்துச் செரிமானத்துக்கு ஓரளவு உதவலாம். இவை எதுவும் புல்லுக்கும் தண்ணீருக்கும் மாற்றாகா. ஆண்டுக்கு ஒருமுறை பல் பரிசோதனையும், மருத்துவர் வழிகாட்டும் குடற்புழு நீக்கமும் தேவை.

கோழித்தீவனம் ஆகாது

பல்லடம் வட்டாரம் கறிக்கோழிப் பண்ணைகளுக்குப் பெயர்பெற்றது. இரத்தக் கழிச்சலைத் தடுக்கக் கோழித்தீவனத்தில் மொனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகள் சேர்க்கப்படுவதுண்டு. இவை கோழிக்குப் பாதுகாப்பானவை. குதிரைக்கோ சிறு அளவிலேயே இதயத்தசையைச் சிதைக்கும் நஞ்சு. தீவனம் மறுத்தல், வியர்த்தல், வயிற்றுவலி என்று தொடங்குவதால் சாதாரணச் சூலை என்றே எண்ணத் தோன்றும். இதற்கு முறிமருந்து இல்லை. மிச்சமாகும் கோழித்தீவனத்தைக் குதிரைக்கு இடுவதும், அது இருந்த சாக்கில் குதிரைத் தீவனம் கட்டுவதும் கூடாது.

அறிகுறிகளும் உடனடிச் செயலும்

முன்னங்காலால் தரையைப் பறித்தல், விலாவைத் திரும்பிப் பார்த்தல், அடிக்கடி படுத்துப் புரளுதல், இலத்தி போடாமை ஆகியவை சூலையின் அறிகுறிகள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கவேண்டிய நாடித்துடிப்பு 60ஐத் தாண்டினால் நிலைமை கடுமையானது. உடனே தீவனத்தை அகற்றிவிட்டு மருத்துவரை அழைக்கவேண்டும். எண்ணெயோ கசாயமோ வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் சென்று உயிரைப் பறிக்கக்கூடும். மருத்துவர் மூக்குக்குழாய் வழியாகவே மருந்து செலுத்துவார். திருப்பூர் மாவட்டத்தில் உடுமலைப்பேட்டையில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. நாடித்துடிப்பு, கடைசியாக இலத்தி போட்ட நேரம், அண்மையில் மாற்றிய தீவனம் ஆகிய மூன்றையும் குறித்துவைத்துச் சொன்னால் மருத்துவரின் பணி எளிதாகும். சூலையில் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் குதிரை பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.