ஒரு மருந்து, பல துவக்குகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே வேட்டையாடுவோரும் இலக்குச் சுடும் போட்டிகளிற் கலந்துகொள்வோரும் தமக்கு வேண்டிய தோட்டாக்களைத் தாமே வீட்டில் நிரப்பிக்கொள்வது நெடுநாளைய வழக்கம். ஒருமுறை சுட்டதனால் தோட்டாவின் பித்தளைக் கூடு பயனற்றுப் போவதில்லை. அதனை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொணர்ந்து, அடியிலே தீமூட்டும் புதிய கேப்பைப் பொருத்தி, மருந்தை நிறுத்து இட்டு, வாயிற் சன்னத்தை இறுக்கினால் அது மீண்டும் தோட்டாவாகிவிடும். இத்துறையிற் புதிதாகப் புகுவோர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “என்னிடமுள்ள றைபிள்கள் பலவற்றுக்கும் பொருந்தும் ஒரே மருந்து எது?”

கடையில் உப்பு வாங்குவதுபோலக் கேட்கப்படும் இக்கேள்விக்குள் இரசாயனமும் பௌதிகமும் அடங்கியுள்ளன. சுடுபவனின் கண்ணும் கையும் அதன் விடையைப் பொறுத்திருக்கின்றன. துவக்கைத் தொட்டறியாத நம் மாணவர்களும் இதனை ஒரு பாடமாக எண்ணிப் படிக்கலாம்.

வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவற்றாலான பழைய கருமருந்து எரிந்தபின் அதன் பெரும்பகுதி திண்மப் பொருளாய் எஞ்சிப் புகையாகவும் அழுக்காகவும் படியும். 1884ஆம் ஆண்டிற் பிரான்சிய இரசாயனரான போல் வியெய் என்பார் நைத்திரோசெலுலோசைக் கொண்டு புகையில்லா மருந்தை ஆக்கியபின் நிலைமை மாறிற்று. இம்மருந்து ஏறத்தாழ முழுவதும் வாயுவாகிவிடும். அதனினும் முக்கியமான மாற்றம் வேறொன்று. புது மருந்தை விரும்பிய வடிவிலே மணிகளாக வார்த்து, அது எரியும் வேகத்தை வேண்டியவாறு அமைக்க முடிந்தது.

அடுப்பெரித்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. காய்ந்த தென்னோலை குப்பென்று பற்றி அணைந்துவிடும், முதிரைக்கட்டை நின்றெரியும். மருந்திலும் ஓலையுண்டு, கட்டையுமுண்டு. மணியின் பருமன், வடிவு, மேற்பூச்சு ஆகியன அதன் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. சிறு குழாய்போல நடுவே துளையுள்ள மணியைப் பாருங்கள். எரிய எரிய அதன் வெளிப்பரப்புச் சுருங்கும், உட்பரப்போ விரியும். ஆகவே எரியும் பரப்பு ஏறக்குறைய ஒரே அளவாக நிற்கும். மிக எளிய கேத்திரகணிதம். ஆயினும் அதன் அழகை நான் வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் சலிப்பதில்லை.

அடுப்புக்கும் துவக்குக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மூடிய கூட்டினுள் அமுக்கம் ஏற ஏற எரிவு விரைவாகும். எரிவு விரைவாக அமுக்கம் மேலும் ஏறும். சன்னம் குழலைக் கடக்க எடுக்கும் நேரமோ ஒரு செக்கனில் ஏறத்தாழ ஆயிரத்திலொரு பங்கு. சன்னம் பாரமாகவும் கூடு பெரிதாகவும் உள்ள தோட்டாவில் மிக விரைவான மருந்தை நிறைத்தால், சன்னம் விலகி இடங்கொடுக்குமுன்னரே அமுக்கம் உச்சத்தைத் தாண்டிவிடும். கைத்துப்பாக்கிக்குரிய மருந்தை றைபிள் தோட்டாவில் நிரப்பித் துவக்குச் சிதறிய விபத்துக்கள் இவ்வாறு நேர்ந்தவையே. மாறாக, சிறு கூட்டில் மிக மெதுவான மருந்தை இட்டால், அதிலொரு பகுதி எரியாமலே குழல்வாயால் வெளியேறும். எனவே பலவற்றுக்கும் பொருந்தும் மருந்து இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள வேகமுடையதாதல் வேண்டும்.

அவ்வகையிற் பெயர்பெற்றது 4895 என்னும் எண்ணுடைய மருந்து. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் போர்வீரர் தாங்கிய எம்-1 கரண்ட் றைபிளின் .30-06 தோட்டாவுக்கு அது பயன்பட்டது. (அத்தோட்டாப் பெயரிலுள்ள 06 என்பது 1906ஆம் ஆண்டைக் குறிக்கும்.) அந்த றைபிள் குழல்வாயின் அருகிலுள்ள சிறு துளையால் வாயுவைப் பெற்றுத் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். மிக மெதுவான மருந்தாயின் சன்னம் அத்துளையைக் கடக்கும்போதும் அமுக்கம் உயர்ந்தே நிற்கும். அதன் உதைப்பால் இயக்கத்தண்டு வளைந்துவிடும். நடுவேக மருந்தின் அருமை இங்கே புலனாகும்.

போர் முடிந்தபின் மிஞ்சிய மருந்தைக் கன்சாஸ் மாநிலத்துப் புரூஸ் ஹொட்ஜன் என்பார் பெருமளவில் வாங்கி, பழைய புகையிரதப் பெட்டியொன்றிற் சேமித்து, தோட்டா நிரப்புவோருக்கு விற்றார். பிறர் எரித்தழிக்கக்கூடிய மிச்சத்தில் வாணிகத்தைக் கண்டவர் அவர்! போர்க்கால மிச்சம் தீர்ந்தபின் அதே எண்ணோடு அவருடைய நிறுவனம் விற்ற எச் 4895 அவுஸ்திரேலியாவின் முல்வலாவில் ஆக்கப்பட்டது. வெப்பநிலை மாறினாலும் வேகம் அதிகம் மாறாமை அதன் சிறப்பு. அம்மருந்துக்கென வெளியிட்ட அட்டவணையின் உச்ச அளவில் 60 வீதம் வரை குறைத்து மென்மையான தோட்டாக்களை ஆக்கலாமென்றும் அந்நிறுவனம் கூறியது. எல்லா மருந்துக்கும் இச்சலுகை இல்லை. சில மெதுவான மருந்துகளை அளவுக்கு மீறிக் குறைத்தால் அமுக்கம் எதிர்பாராது தாவிவிடும்.

4895 சிறிய .223 முதல் .308, .30-06 வரையிலும், நம்மவர் பலர் கேள்வியுற்ற பிரித்தானிய .303இலும் நன்கு பணிபுரியும். பெரிய ‘மக்னம்’ தோட்டாக்களில் மெதுவான மருந்துகள் தரும் வேகத்தை அதனிடம் பெற இயலாது. அதன் நீண்ட மணிகள் அளவைக் கருவியிற் சிக்கி நறுக்கென்று முறியும். உருண்டை மணி மருந்துகள் நீர்போல ஓடும். என்னைக் கேட்டால், மூன்று நான்கு றைபிள் வைத்திருப்பவனுக்கு அக்குறை பெரிதன்று. தராசில் நிறுத்தே போடலாமே.

எண்ணை மட்டும் நம்புதலோ தீங்கு. ஐ.எம்.ஆர். 4895 வேறு, எச் 4895 வேறு. ஒன்றின் அட்டவணையை மற்றதற்குக் கொள்ளலாகாது. எண்ணின் ஏற்றமும் வேகத்தைக் காட்டாது. .30-06 தோட்டாவின் அமுக்க எல்லை சதுர அங்குலத்துக்கு 60,000 இறாத்தல். அத்தனை அமுக்கமும் சுடுபவனின் கன்னத்துக்குச் சில அங்குலம் அப்பாலே எழுகின்றது. ஆதலால் அனுபவசாலிகள் மேசைமீது ஒரு நேரத்தில் ஒரு தகரத்தையே வைப்பர். குறைந்த அளவிலிருந்து படிப்படியாக ஏறுவர். மிஞ்சியதை அதற்குரிய தகரத்திலேயே திரும்ப இடுவர். பெயர்ச்சீட்டு உரிந்த தகரமொன்று அகப்பட்டால், விலை எதுவாயினும், உள்ளிருப்பதைத் தோட்டத்துப் புல்லின்மேல் மெல்லியதாகத் தூவிவிடுவர்.