தாய்ச்சி... சண்டைக்கு ஆகுமா?

தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி மெதுவா கையை அசைக்கிற தாய்ச்சியைப் பார்த்திருப்பீங்க. பாகுவா, ஷிங்யி ரெண்டும் அதோட பங்காளிங்க. சீனாவில் இதையெல்லாம் 'உள்முகக் கலைகள்'னு சொல்வாங்க. முரட்டு பலத்தைவிட மூச்சு, சமநிலை, தளர்வுதான் இங்கே ஆயுதம். எல்லாம் சரி பாஸ், நிஜ சண்டையில் எடுபடுமா?

2017 ஏப்ரல், செங்டு நகரம். எம்.எம்.ஏ. வீரர் ஷூ ஷியாவ்தோங்கும் தாய்ச்சி மாஸ்டர் வெய் லெய்யும் மோதினாங்க. அரை நிமிஷம்கூட ஆகலை... மாஸ்டர் தரையில்! 2020 மே மாதம், 69 வயசு தாய்ச்சி மாஸ்டர் மா பாவ்குவோ மேடையேறினார். அரை நிமிஷத்தில் மூணு தடவை விழுந்தார்.

அப்போ கலையே டுபாக்கூரா? அவசரப்படாதீங்க. 1954-ல் மக்காவ்வில் தாய்ச்சி மாஸ்டர் வூ கோங்யி, தன்னைவிட இளையவரான வெள்ளைக் கொக்கு பாணி வீரர் சான் ஹாக்ஃபூவோட மோதினார். ரெண்டு ரவுண்டு தாக்குப்பிடிச்சார். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லைன்னு முடிச்சாங்க.

சிக்கல் பயிற்சியில்தான். ஜோடியா நின்னு, கையோடு கை ஒட்டி, எதிராளி எங்கே அழுத்துறார்னு உணர்றது தாய்ச்சியின் முக்கியப் பயிற்சி. அருமையான விஷயம். ஆனா, தெருவில் எவனும் கையை நீட்டிக்கிட்டு காத்திருக்க மாட்டான், குத்துவான். குரு தொட்டதும் மரியாதைக்கு விழுற சிஷ்யர்களோடயே பழகினா, நம்ம பலம் நமக்கே தெரியாது.

தற்காப்புக்காக சேரப்போறீங்களா? ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "திருப்பி அடிக்கிற ஆளோட பயிற்சி உண்டா?" இல்லைன்னு சொன்னா, உடம்புக்கு நல்லதுன்னு தாராளமா சேருங்க. அதை நம்பி வம்புக்கு மட்டும் போயிடாதீங்க!