பயிர்க் காவலுக்கு ரைபிள் வேண்டுமா?

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் குடியிருந்துகொண்டு, மதுராந்தகம், உத்திரமேரூர் முதலிய இடங்களில் நிலம் வைத்துப் பயிரிடும் அங்கத்தினர்கள் நம்மிடையே பலர் உளர். நிலக்கடலை காய் பிடிக்கும் தருணத்தில் காட்டுப் பன்றிக் கூட்டம் ஒன்று ஒரே இரவில் கொல்லையைக் கிளறிவிட்டுப் போகுமாயின், விதையும் எருவும் கூலியும் போனபின் மிஞ்சுவது சங்கக் கடன் ஒன்றுதான். இவ்வித நஷ்டத்துக்கு உள்ளானவர்கள் முதலில் கேட்பது, "நல்ல ரைபிள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமா? எந்த ரகம் வாங்குவது?" என்பதாகும். ரைபிள் வேண்டாம் என்பதே நமது விடை. அதற்குரிய காரணங்களையும், அதற்குப் பதிலாக எது தகும், அதை எவ்வாறு அமைத்து வைத்துக்கொள்வது என்பதையும் இங்கே விளக்குவோம்.

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் துப்பாக்கி என்றே சொல்லிவிடுகிறோம். ஆயினும் ரைபிள் வேறு, ரவைத் துப்பாக்கி வேறு. ரைபிளின் குழலுக்குள் திருகாணி மரைபோலச் சுற்றிச் செல்லும் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவ்வரிகளினூடே நெருக்கிச் செல்லும் ஒற்றைக் குண்டு பம்பரம்போல் சுழன்றுகொண்டு நேராகவும் நெடுந்தூரமும் ஓடும். ரவைத் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. அதிலிருந்து பல சிறு ஈய ரவைகள் பரவிச் சென்று விரைவில் வேகம் குன்றி விழுந்துவிடும். சிறு ரவை ஏறக்குறைய 300 மீட்டருக்குள் அடங்கிப்போகும். ரைபிள்களில் சிறியதான .22 ரகத்தின் குண்டோ ஒன்றரை மைல் வரையில் செல்லவல்லது. பெரிய ரகங்களின் குண்டு அதற்கு அப்பாலும் செல்லும். செங்கற்பட்டுச் சீமை மலைச்சரிவன்று, சமதரை. ஒரு கொல்லைக்கும் அடுத்த குடியிருப்புக்கும் இடையே பல இடங்களில் அரை மைல்கூட இராது. இருளில் பன்றியை நோக்கிச் சுட்ட குண்டு தவறினால், அது எந்தத் திண்ணையில் படுத்திருப்பவரிடம் போய்ச் சேரும் என்று எவரால் சொல்ல முடியும்? பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் ரைபிளைச் சுடலாகாது என்பது அக்கருவியை அறிந்தவர் அனைவரும் ஒப்பும் விதி. நமது கொல்லைகளில் அத்தகைய மேட்டைத் தேடிக் காண்பது அரிது.

சட்டமும் இதே வழியில்தான் செல்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ளது. அதன் 13ஆம் பிரிவைக் கவனித்தால் மூன்று வாயில்கள் தென்படும். பயிர்க் காவல் மெய்யான நோக்கமாயின், வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கோரலாம். அது போதாது என்று அதிகாரி திருப்தியடைந்தால் வேறொரு வழவழப்பான குழல் துப்பாக்கிக்கு அனுமதிக்கலாம். தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ என்றால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள ரவைத் துப்பாக்கி. அங்கீகாரம் பெற்ற ரைபிள் சங்கத்தின் அங்கத்தினருக்குக் குறி பயில்வதற்காக .22 ரைபிள் அல்லது காற்று ரைபிள். ஏனையவற்றுக்கெல்லாம் "தக்க காரணம் உண்டு" என்று அதிகாரி திருப்தியடைய வேண்டும். ஆகவே பயிரைக் காட்டி ரைபிள் கேட்பவர், வாயிலை விட்டுச் சுவரில் முட்டுகிறார் என்றே சொல்ல வேண்டும்.

மனுச் செய்ய வேண்டிய இடமும் அறியத்தக்கது. சென்னை நகரத்தில் குடியிருப்பவர்களுக்கு உரிமம் வழங்குபவர் காவல் ஆணையர். பிற மாவட்டங்களில் மாவட்ட ஆட்சியர். வீடு மயிலாப்பூரிலும் நிலம் மதுராந்தகத்திலும் இருக்குமாயின், உரிமத்தில் குறிக்கப்படும் எல்லை இரண்டையும் தழுவியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மனுதாரருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்குச் சான்றும், உடல்நலம் மனநலம் பற்றிய மருத்துவச் சான்றும், வீட்டில் பத்திரமாக வைக்கும் ஏற்பாடும் தேவை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உரிமம் ஐந்தாண்டுகளுக்கு வழங்கப்படுகிறது.

இங்கே கூட்டுறவு மனப்பான்மை மிக்க சிலர், "பத்துப் பேர் சேர்ந்து ஒரு துப்பாக்கி வாங்கி முறை வைத்துக் காவல் காத்தாலென்ன?" என்று வினவக்கூடும். பம்புசெட்டுக்கும் தெளிப்பானுக்கும் பொருந்தும் யோசனை இதற்குப் பொருந்தாது. உரிமம் ஆளுக்கு உரியது. உரிமமற்ற அண்டை நிலத்தாரிடம் ஓரிரவுக்குக் கொடுத்தாலும் கொடுத்தவரும் வாங்கியவரும் குற்றவாளிகளாவர். உரிமமின்றி வைத்திருப்பதற்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டாண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. கிராமத்துக் கொல்லன் கைவேலையான நாட்டுத் துப்பாக்கியை மலிவென்று வாங்கி வைக்கோற் போரில் ஒளித்து வைப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்வார்களாக. அத்தகைய குழல் வெடித்துக் கண்ணையும் விரலையும் இழப்பது இதனினும் பெரிய தண்டனை.

இனி, பலர் அறியாத மற்றொன்று. துப்பாக்கி உரிமம் வேறு, விலங்கைக் கொல்லும் அனுமதி வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பன்றியையும் காக்கிறது. பயிருக்குப் பெருங்கேடு செய்வதாகத் தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ எழுத்து மூலம் ஆணையிட்டாலன்றிச் சுடுதல் கூடாது. கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவர்களுக்கு அவ்வதிகாரம் அளிக்கப்பட்டு, உரிமம் பெற்ற உள்ளூர்த் துப்பாக்கிக்காரர்கள் அழைக்கப்பட்டனர். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வெளியான ஏற்பாடு வேறு. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால்தான் சுடலாம், அதையும் வனத்துறையினரே செய்வர். பாய்ந்து வரும் விலங்கிடமிருந்து உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்துடன் சுடுவது மட்டும் குற்றமாகாது.

அப்படியானால் உழவன் கையிலுள்ள துப்பாக்கியால் என்ன பயன்? பெரும்பாலும் சத்தமே பயன் என்று ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடலாம். ஆகவே துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது, எவ்வளவு தூரம் சுடும் என்று கேட்பதைவிட, எவ்வளவு குறைந்த அபாயத்துடன் உரத்து முழங்கும் என்று கேட்பதே விவேகம். மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கலில் துப்பாக்கிச் சத்தத்தால் அடைந்த இழப்பை ஒழிக்கவே உழவர்கள் முறையிட்டார்கள் என்பதையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. ஏரியில் பறவைகளைச் சுட்டுக் கலைத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைத் தடுக்க வேண்டி, 1798 வாக்கில் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் அவ்வூரார் கவுல் பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு எருவாயிற்று. அந்தச் சரணாலயத்தை அடுத்து நிலமுள்ளவர்கள் வெடிச் சத்தத்தைக் கொண்டு காவல் காக்கும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும்.

சத்தத்துக்கு வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கி போதும். அதற்குச் செய்துகொள்ள வேண்டிய முதல் ஏற்பாடு, கெட்டிக்கும் கோலில் இரண்டு கோடுகள் போடுவதே. வெறுங்குழலில் கோலை விட்டு வாய் மட்டத்தில் ஒரு கோடு; சரியான அளவு மருந்து கெட்டித்தபின் மற்றொரு கோடு. அதன்பின் இருட்டில்கூடக் கோலை விட்டுப் பார்த்து, உள்ளே மருந்து இருக்கிறதா என்று அறியலாம். இருக்கிற மருந்தின்மேல் மறுபடியும் மருந்தைக் கெட்டிப்பதே இவ்வகைத் துப்பாக்கிகள் வெடித்துச் சிதறுவதற்குப் பெருங்காரணம். கருமருந்தைத் தவிர வேறு மருந்து இதற்கு ஆகாது. கேப்பு வெடித்தும் குழல் வெடிக்காவிட்டால், உடனே திருப்பிப் பார்த்தல் கூடாது. வாயை ஆளில்லாத பக்கம் நோக்கிப் பிடித்து ஒரு நிமிஷமேனும் பொறுக்க வேண்டும். கெட்டித்த துப்பாக்கியைப் பரணில் சாத்திவிட்டு உறங்கப் போவது குழந்தைகள் உள்ள வீட்டில் மகாபாவம்.

தோட்டாத் துப்பாக்கியே வேண்டும் என்று அதிகாரி ஒப்பினால், 12 போர் ஒற்றைக் குழல் சாலும். வாங்குமுன் கட்டை அளவு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். முழங்கையை மடித்து, கட்டையின் அடியை உள்மடிப்பில் வைத்தால், ஆட்காட்டி விரலின் முதற் கணு விசையை எட்ட வேண்டும். நீளமான கட்டை தோளில் சிக்கும். குட்டையானது மூக்கில் இடிக்கும். கட்டையைச் சீவவும் சேர்க்கவும் உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்காரர் உண்டு. குழலைத் தொடும் வேலை எதையும் தச்சனிடமோ லேத்துப் பட்டறையிலோ கொடுக்கக் கூடாது. உரிமமின்றிக் குழலைக் குறைப்பதும் மாற்றுவதும் குற்றம்.

நெசவாளர் அங்கத்தினர்கள், "எங்களுக்கு இதில் என்ன?" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். மயிலாப்பூர்ப் பழைய வீடுகளில் பாட்டனார் காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி பெட்டிக்குள் கிடப்பதுண்டு. உரிமதாரர் காலமானவுடன் அத்துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். பிறகு வாரிசு தம் பெயரில் உரிமம் கோரலாம். அவ்வாறு பெற்றபின்னும் பரிசோதிக்காமல் சுடலாகாது. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் பலவற்றின் தோட்டா அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டாக்களோ பெரும்பாலும் 70 மில்லிமீட்டர். நீளமான தோட்டா உள்ளே நுழைந்துவிடும், ஆனால் வாய் விரிய இடமின்றி அழுத்தம் பெருகும். குழலின்மேல் மரத்தின் ரேகைபோல் அலையலையாகக் கோடுகள் தெரிந்தால், அது இரும்பும் எஃகும் சேர்த்து முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல். பெரும்பாலும் கருமருந்துக்காகச் செய்யப்பட்டது. அதில் இன்றைய தோட்டாவைப் போடாமல் அழகுப் பொருளாக வைத்திருப்பதே நலம்.

ரைபிளின்மேல் மெய்யான ஆசை உள்ளவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நாம் குறை கூறவில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ நகரத்து உலகக் கோப்பையில் 10 மீட்டர் காற்று ரைபிளில் தங்கம் வென்றபின், நம் வீட்டுப் பெண்களும் அதைப் பயில விரும்புவது இயல்பே. அவர்களுக்கு எழும்பூரில் சென்னை ரைபிள் கிளப் இருக்கிறது. முதலில் காற்று ரைபிள், பின்னர் .22 என்பதே முறை. கல்கத்தாவை அடுத்த இச்சாப்பூர்த் தொழிற்சாலை குடிமக்களுக்காகச் செய்த ரைபிள்களில் .22, .315 ரகங்கள் உண்டு. ராணுவத்தின் .303 ரகம் குடிமக்களுக்கு விலக்கப்பட்டதனாலேயே .315 பிறந்தது. குறி பயில்வதற்கு அவ்வளவு பெரிய ரகம் வேண்டியதில்லை. தோட்டாச் செலவும் உதையும் மிகுதி.

ரைபிளைக் குறிக்கு அமைப்பது பொறுமையின்பாற்பட்ட வேலை. முன்கட்டையை மணல் மூட்டையின்மேல் சாய்த்து, 50 மீட்டரில் தாளை நாட்டி, ஒரே புள்ளியைப் பார்த்து ஐந்து தடவை சுட வேண்டும். ஐந்தும் ஓரிடத்தில் நெருங்கி விழுந்தால், புள்ளியை விட்டு விலகியிருந்தாலும் கவலையில்லை. குறியளவியைத் திருத்தினால் போதும். குண்டு எந்தப் பக்கம் நகர வேண்டுமோ அந்தப் பக்கமே பின் குறியளவியை நகர்த்த வேண்டும். முன் குறியளவிக்கு அதற்கு நேர்மாறு. ஐந்தும் சிதறி விழுந்தால் குறியளவியைத் தொடாதீர்கள். கட்டையைப் பிணைக்கும் திருகுகள் தளர்ந்திருக்கும், அல்லது சுடுபவரின் மூச்சும் விரலும் இன்னும் பழகவில்லை.

காற்றுத் துப்பாக்கி பற்றி ஒரு வார்த்தை. .177 அளவுக்கும் 20 ஜூல் விசைக்கும் மேற்படாதவற்றுக்கு உரிமம் வேண்டாம் என்பதால், பையன்கள் கையில் விளையாட்டுச் சாமான்போல் கொடுக்கிறார்கள். அடையாற்றுப் பக்கத்து மாடிகளில் கிண்டியிலிருந்து வரும் குரங்கையும் தெரு நாயையும் அதனால் சுடுகிறவர்கள் உண்டு. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடைச் சட்டமும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவும் அவர்களுக்காகவே காத்திருக்கின்றன. அச்சிறு ஈயக்குண்டு எதிர்வீட்டுக் குழந்தையின் கண்ணைப் போக்கவும் போதுமானது.

வைத்திருக்கும் முறையில் நமது கடற்கரை ஊர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் வீசும் உப்புக் காற்று ஒரு மழைக்காலத்துக்குள் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். தோல் உறைக்குள் வைப்பது பாதுகாப்பு என்று பலர் எண்ணுகின்றனர். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, பூட்டுள்ள இரும்பு அலமாரியில் நிறுத்தி வைக்க வேண்டும். தோட்டாக்கள் வேறு பூட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டு சாவிகளும் ஒரே வளையத்தில் தொங்கலாகாது. ரைபிளாயின் அதன் போல்ட்டைக் கழற்றித் தனியே வைக்கலாம்.

தேர்தல் அறிவிக்கப்படும்போது துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு காவல் நிலையத்திலிருந்து ஆணை வரும். ஒப்படைக்கும் நாளில் குழலின் நிலை, எண், கட்டையிலுள்ள கீறல் ஆகியவற்றை ரசீதில் எழுதச் சொல்லிப் பெற்றுக்கொண்டு, எண்ணெய் பூசிய துணியைக் குழலில் செருகிக் கொடுக்கவும். திரும்பப் பெற்றதும், அத்துணியை எடுக்காமல் எவரும் தோட்டாவைப் போட்டுவிடாதபடி, துணியின் நுனியை வெளியே நான்கு விரற்கடை நீட்டி விடுவது நல்லது.