முனிசிபல் குறைகளும் ஆம்புட்ஸ்மனும்
வாசற் குப்பை வாரக்கணக்கில் எடுக்கப்படவில்லை. வீடின்றி நிற்கும் குடும்பம் கவுன்ஸிலுக்கு மனுச் செய்தும் பதில் இல்லை. விசேஷக் கவனிப்பு வேண்டிய குழந்தையின் படிப்புக்கு ஏற்பாடு செய்யாமல் காலம் கடத்தப்படுகிறது. இங்கிலாந்தில் இவையெல்லாம் ஸ்தல கவுன்ஸில்களின் பொறுப்பு. கோர்ட்டுக்குப் போகலாமென்றாலோ வக்கீல் பீஸ் குறையின் மதிப்பை விஞ்சிவிடும். தொழிலை அறிந்தே இதைச் சொல்லுகிறோம். இத்தகைய பிரஜைக்காக 1974-ம் வருஷச் சட்டத்தினால் ஏற்பட்ட பதவிதான் ஸ்தல ஸ்தாபன ஆம்புட்ஸ்மன். பெயர் ஸ்வீடன் தேசத்தது. அங்கே 1809-லேயே இப்பதவி ஏற்பட்டுவிட்டது.

மனுதாரர் முதலில் கவுன்ஸிலிடமே முறையிட்டு, பதிலளிக்க நியாயமான அவகாசம் தரவேண்டும். அங்கே தீராவிடில், குறையை அறிந்த 12 மாதங்களுக்குள் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை. ஆரம்பத்தில் ஒரு கவுன்ஸிலர் மூலமாகவே மனு போகவேண்டுமென்றும், அவர் அனுப்பத் தவறினால்தான் நேரே வரலாமென்றும் விதி இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டும் என்ற கதைதான்! 1988-ல் சட்டம் திருத்தப்பட்டு, நேர்வழி திறந்தது.

விசாரணையில் எழும் கேள்விகள் இரண்டே. நிர்வாகத்தில் தவறு நேர்ந்ததா? அதனால் மனுதாரருக்கு அநீதி விளைந்ததா? முறைப்படி செய்யப்பட்ட முடிவு நமக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் தவறாகாது. ஊரார் அனைவரையும் பாதிக்கும் பொது விஷயங்களையும் அவர் தொடுவதில்லை. அவை வோட்டர்கள் தீர்க்கவேண்டியவை. ஆனால் விசாரணையில் இறங்கிவிட்டாலோ, தஸ்தாவேஜுகளைத் தருவிக்கவும் சாட்சிகளை வரவழைக்கவும் ஹைக்கோர்ட்டுக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு.

இவ்வளவு அதிகாரம் படைத்தவர் முடிவில் செய்யக்கூடியது சிபாரிசு மட்டுமே. மன்னிப்புக் கேட்கவேண்டும், மறுபடி பரிசீலிக்கவேண்டும், இன்ன தொகை நஷ்டஈடு தரவேண்டும் என்று அவர் சொல்லலாம்; இணங்காத கவுன்ஸிலின் மீது ஜப்தி ஆணை பிறப்பிக்க முடியாது. இது பல்லில்லாத பாம்பு என்று ஏளனம் செய்வோர் உண்டு. நாம் அவ்வளவு தூரம் போகமாட்டோம். கண்டன அறிக்கை வந்தால் 3 மாதங்களுக்குள் கவுன்ஸில் அதை ஆலோசித்துப் பதில் கூறவேண்டும். சிபாரிசை நிராகரிப்பதானால் ஏதோ ஒரு கமிட்டியில் ஓசைப்படாமல் முடித்துவிட முடியாது. முழுக் கவுன்ஸிலும் தீர்மானிக்கவேண்டும். அறிக்கையில் பெயர் சொல்லிக் கண்டிக்கப்பட்ட மெம்பருக்கு அங்கே வோட்டு இல்லை. பின்னும் பிடிவாதம் செய்தால் இரண்டாவது அறிக்கை. அதற்கும் மசியாவிடில், தான் எதைச் செய்ய மறுத்தது என்பதை அவ்வூரில் பரவியுள்ள பத்திரிகையொன்றில், இரண்டு வாரங்களுக்குள் இரு இதழ்களில், கவுன்ஸிலே தன் செலவில் பிரசுரிக்கவேண்டும். அது செய்யாவிட்டால் ஆம்புட்ஸ்மனே பிரசுரித்துச் செலவை வசூலிப்பார். வரி கொடுப்போர் முன் தன் குற்றத்தைத் தானே அச்சிட்டு ஒப்புக்கொள்வதென்றால் எந்தச் சேர்மனும் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார். பத்திரிகை நடத்தும் நமக்கு இந்த ஏற்பாடு பிடித்திருப்பதில் வியப்பில்லை.

எனினும் பிரசுரத்தினால் வெட்கம் வருமேயன்றி, பாதிக்கப்பட்டவன் கைக்குப் பணம் வந்துவிடாது. வெட்கப்படாத கவுன்ஸிலை என்ன செய்வது? வட அயர்லாந்தில் 1969-ம் வருஷச் சட்டத்திலேயே இதற்கு வழி செய்தார்கள். அங்கே கமிஷனர் தவறு கண்டு அறிக்கை தந்தால், மனுதாரர் அதைக் கொண்டு கவுண்டி கோர்ட்டில் நஷ்டஈடு கோரலாமென்று அச்சட்டம் விதித்தது. இங்கிலாந்தின் சட்டத்திலும் இப்படி ஒரு பிரிவைச் சேர்க்கலாகாதா என்று கேட்கிறோம்.