அவசரக்காரனின் பீர்

அமெரிக்க வீடுகளில் தயாராகும் முதல் பீர் கெட்டுப்போகும்போது பழி செய்முறையின் மேல் விழுகிறது. உண்மையான குற்றவாளிகள் வேறு.

ஒரு மாதம் பொறுமையாகக் காத்திருந்து மூடியைத் திறந்தால் வருவது மருந்துக்கடை வாசனை. அல்லது வெண்ணெய் வாசனை, புளித்த மோர் வாசனை. சில வீடுகளில் திறக்கும் வேலையே வைக்காமல் பாட்டில்கள் நள்ளிரவில் அலமாரிக்குள் தாமாகவே வெடிக்கின்றன. வீட்டிலேயே பீர் தயாரிக்கும் அமெரிக்கர்களில் பலருக்கு முதல் அனுபவம் இப்படித்தான் அமைகிறது.

அந்த உரிமையும் அவர்களுக்குச் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. 1933-ல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் ஒயின் தயாரிக்க அனுமதி வந்தது. பீர் விடுபட்டுப் போயிற்று. 45 ஆண்டுகள் கழித்து, 1978 அக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் வழிவிட்டது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை வரியின்றித் தயாரிக்கலாம். விற்கக் கூடாது. மாநிலங்கள் சாவகாசமாக வழிக்கு வந்தன. கடைசியாக அலபாமாவும் மிசிசிப்பியும் தலையசைத்தது 2013-ல். இந்தப் பொழுதுபோக்கில் பழகியவர்கள்தான் பிறகு சிறு பீர் ஆலைகளைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர், 1980-ல் சியரா நெவாடா ஆலையைத் தொடங்கிய கென் கிராஸ்மன். ருசி ஒரே சீராக அமையும்வரை ஆரம்பத் தயாரிப்புகளைச் சாக்கடையில் கொட்டியவர் அவர்.

செய்முறையில் ரகசியம் ஏதும் இல்லை. பார்லியை முளைகட்டி எடுத்த மால்ட் சாற்றைத் தண்ணீரில் கரைத்து, கசப்புக்காக ஹாப்ஸ் பூக்களைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறிய பின் ஈஸ்ட் சேர்த்து மூடிவைக்க வேண்டும். ஒரு தடவைக்கு 19 லிட்டர். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் தருகிறது. இட்லி மாவு பொங்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புரியாத சங்கதி அல்ல.

தமிழ் வாசகருக்கு உடனே தோன்றும் பயம், விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது சாராயத்தில் கலந்த மெத்தனால். பீர் காய்ச்சி வடிக்கப்படுவதில்லை. பார்லியை நொதிக்கவைப்பதால் ஆபத்தான அளவில் மெத்தனால் உருவாவதும் இல்லை. கெட்டுப்போன பீர் நாக்கைத்தான் தண்டிக்கும். (அதற்காக இங்கே யாரும் அடுப்பு மூட்ட வேண்டாம். இந்தியாவில் மது மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ள விஷயம். பெரும்பாலான இடங்களில் உரிமம் இல்லாத தயாரிப்பு குற்றம். வடகிழக்கில் சில பழங்குடியினரின் அரிசி பீருக்கு விலக்கு உண்டு.)

முதல் குற்றவாளி, அரைகுறைச் சுத்தம். கொதிக்கும்வரை எந்த அழுக்கையும் நெருப்பு பார்த்துக்கொள்ளும். ஆறிய பிறகு திரவத்தைத் தொடும் கரண்டி, குழாய், வாளி எல்லாமே கிருமி நீக்கப்பட்டிருக்க வேண்டும். பலர் கழுவினாலே போதும் என்று நினைக்கிறார்கள். கம்பி நாரால் தேய்த்த பிளாஸ்டிக் வாளியின் கீறல்களில் புளிப்பேற்றும் பாக்டீரியா குடியேறிவிட்டால் வாளியைத் தூக்கி எறிவதே வழி. இன்னும் சிலர் அதீத ஜாக்கிரதையில் பிளீச்சை ஊற்றிவிட்டுச் சரியாக அலசாமல் விடுகிறார்கள். மருந்துக்கடை வாசனை அங்கிருந்துதான் வருகிறது. குழாய்த் தண்ணீரின் குளோரினும் அதைச் செய்யும். கொதிக்கவைத்தால் குளோரின் ஓடிவிடும். பல நகரங்கள் சேர்க்கும் குளோரமைன் அத்தனை எளிதில் போகாது. காம்ப்டன் மாத்திரை ஒன்று சுமார் 75 லிட்டர் தண்ணீரைச் சரிசெய்துவிடும்.

அடுத்தது வெப்பம். ஏல் வகை ஈஸ்ட்டுக்குப் பிடித்தது பொதுவாக 18 முதல் 22 டிகிரி செல்சியஸ். சுவரில் தொங்கும் வெப்பமானி 22 காட்டுகிறதே என்று நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை. நொதிக்கும்போது திரவம் தானே சூடாகும். உள்ளே சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். அளவு மீறினால் நகப்பூச்சு நீக்கியின் நெடி வரும், பிறகு போகாது. வாளியை ஒரு தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, ஈரத்துணி சுற்றி, அவ்வப்போது ஐஸ் பாட்டில் போட்டால் போதும். மண்பானை தண்ணீரைக் குளிர்விக்கும் அதே தத்துவம்.

வெண்ணெய் வாசனையும் பச்சை ஆப்பிள் வாசனையும் வேறு ஜாதி. பெரும்பாலும் அவை வேலை முடியவில்லை என்பதற்கான அறிகுறி. ஈஸ்ட்டுடன் இன்னும் ஒரு வாரம் விட்டுவைத்தால் அதுவே தின்று தீர்த்துவிடும். கெட்டுவிட்டது என்று நினைத்து நல்ல பீரைக் கொட்டுபவர்கள் அதிகமாக ஏமாறுவது இந்த இடத்தில்தான். சோள வாசனை வந்தால், கொதிக்கும்போது பாத்திரத்தை மூடியிருப்பார்கள். பச்சைக் கண்ணாடி பாட்டிலை வெயிலில் வைத்தால் நாற்றமடிக்கும். பழுப்பு பாட்டில் காப்பாற்றும்.

இவையெல்லாம் ருசி சமாச்சாரங்கள். உடம்புக்கே ஆபத்து விளைவிக்கும் தவறு ஒன்று உண்டு: அவசரப்பட்டு பாட்டிலில் அடைப்பது. வாளியின் மூடியில் குமிழி வருவது நின்றதும் எல்லாம் முடிந்தது என்று முடிவுகட்டுகிறார்கள். குளிரில் ஈஸ்ட் தூங்கினாலும் குமிழி நிற்கும். மூடியில் வாயு கசிந்தாலும் நிற்கும். நம்ப வேண்டியது ஹைட்ரோமீட்டரை. பால்காரரைச் சோதிக்கும் லாக்டோமீட்டரின் உடன்பிறப்பு அது. தொடக்கத்தில் 1.050 காட்டிய திரவம் 1.012 அருகே இறங்கி, மூன்று நாள் இடைவெளியில் அதே எண்ணைக் காட்டினால்தான் அடைக்கலாம். நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரை 19 லிட்டருக்கு சுமார் 120 கிராம். அதைக் கொதிநீரில் கரைத்து மொத்தமாகக் கலக்க வேண்டும். பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் என்ற கண்ணளவில் சில பாட்டில்கள் குண்டாகிவிடும். ஒன்று வெடித்தால் மற்றவையும் சந்தேகத்துக்குரியவை. கண்ணாடி, கையுறை அணிந்து, தடித்த துண்டு போர்த்தி, குளிர்பெட்டிக்கு மாற்றி, நன்கு குளிர்ந்த பின் ஒவ்வொன்றாகத் திறந்து அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும்.

இதற்கு நேர்மாறான புகாரும் உண்டு: நுரையே வரவில்லை. விசாரித்தால், அடைத்த அன்றே குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். வெளியே எடுத்து 20 டிகிரி அறையில் இரண்டு வாரம் வைத்தால் நுரை வந்துவிடும்.