கசிவு இருந்தால் கிளம்பாதே!

விடியும் முன்பே போடிநாயக்கனூரில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். ஏலத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் தூக்குச்சட்டியோடு ஏறி உட்கார்ந்திருப்பார்கள். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். கிளம்பப் போகும் நேரத்தில் முன்சக்கரத்துக்கு அருகே தரையில் ஈரம். ஓட்டுநர் விரலால் தொட்டு முகர்ந்து பார்க்கிறார். பிரேக் ஆயில்! "எல்லாரும் இறங்குங்க" என்கிறார். "நேரமாச்சுண்ணே, மெதுவா ஓட்டிட்டுப் போயிரலாம்ல?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். சுட்டிகளே, நீங்கள் அந்த ஜீப்பில் இருந்தால் யார் பக்கம்?

2025 ஜூன் மாதம் அமெரிக்காவின் புளோரிடாவிலும் இதே நிலைதான். ஆக்சியம்-4 விண்வெளிப் பயணத்தில் நம் சுபான்ஷு சுக்லாவும் இன்னும் மூவரும் விண்வெளி நிலையத்துக்குப் போக வேண்டும். ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போய் 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் இந்தியர் போகிறார், நாடே காத்திருந்தது. தேதியோ தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. "மறுபடியுமா?" என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. "ராக்கெட்டில் ஏதோ கோளாறாமே, இந்தப் பிள்ளை போய்த்தான் ஆகணுமா?" என்று பதறியவர்களும் உண்டு. இரண்டாவது கூட்டத்தைக் கோழைகள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் கேட்டது பொறியாளர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

பொறியாளர்களும் கேட்டார்கள். ஃபால்கன்-9 ராக்கெட்டைத் தரையிலேயே கட்டிவைத்து 7 விநாடி எரியவிட்டுச் சோதித்தபோது, திரவ ஆக்சிஜன் கசிவது தெரிந்தது. ஆக்சிஜன் தானாக எரியாது; ஆனால் மற்றதை வெறித்தனமாக எரிய வைக்கும். ஃபால்கன்-9இன் எரிபொருள் மண்ணெண்ணெய் வகை. பக்கத்திலேயே ஆக்சிஜன் கசிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. திரவ ஆக்சிஜனின் குளிர் மைனஸ் 183 டிகிரி செல்சியஸுக்கும் கீழே. அந்தக் குளிரில் உலோகம் சுருங்கும். சாதாரண வெப்பத்தில் கண்ணுக்கே தெரியாத இடைவெளி அப்போது வாயைத் திறக்கலாம். அதனால்தான் குளிர்ந்த திரவத்தை நிரப்பியே சோதிக்க வேண்டியிருக்கிறது.

இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். இத்தகைய கடுங்குளிர் எரிபொருள் எந்திரங்களிலேயே ஊறியவர். கசிவைச் சரிசெய்து, மறுபடி சோதித்த பிறகே அனுமதி என்று, பயணத்தை நடத்தும் ஆக்சியம், ராக்கெட்டைக் கட்டிய ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனங்களோடு இஸ்ரோ குழு பேசியதில் முடிவானது. இந்திய நேரப்படி ஜூன் 25 பகல் 12.01 மணிக்கு ராக்கெட் கிளம்பியது. லக்னோவில் சுக்லா படித்த பள்ளியில் அவருடைய அப்பாவும் அம்மாவும் மாணவர்களோடு உட்கார்ந்து பார்த்தார்கள். ஜூலை 15 அன்று நால்வரும் பத்திரமாகக் கடலில் இறங்கினார்கள்.

எச்சரிக்கையைக் காதில் போட்டுக்கொள்ளாத கதையும் இருக்கிறது. 1986 ஜனவரி 28, அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம். குளிரில் ரப்பர் வளையங்கள் விறைத்துப்போகும், ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் முந்தின இரவே மன்றாடினார்கள். மேலிடம் கேட்கவில்லை. 73 விநாடிகளில் எல்லாம் முடிந்தது. 7 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் ஆசிரியை. அவரைப் பார்க்கப் பள்ளிகளில் தொலைக்காட்சி முன் குழந்தைகள் கூடியிருந்தார்கள்.

ககன்யான், வீரர்களை விண்வெளிக்கு அனுப்பும் நம்முடைய சொந்தத் திட்டம். 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில், ஆபத்து வந்தால் வீரர்களை எப்படித் தப்பவைப்பது என்பதற்கு ஆளில்லாத ஒத்திகை நடந்தது. கிளம்ப 5 விநாடி இருக்கும்போது கணினியே எண்ணிக்கையை நிறுத்திவிட்டது! கோளாறைக் கண்டுபிடித்து, 10 மணிக்கு ஏவினார்கள். சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில் தப்பிக்கும் அமைப்பு ராக்கெட்டிலிருந்து பிரிந்து, வீரர் கூண்டை 17 கிலோமீட்டர் உயரத்துக்கு இழுத்துப்போனது. பாராசூட்டுகள் விரிந்து கூண்டு வங்கக் கடலில் விழுந்தது. தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்ந்து மிதந்ததும் உண்மை. அதையும் ஒத்திகையிலேயே பார்த்துவிட்டது நல்லதுதான்.

போடி மலைகள் இருக்கும் அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் மகேந்திரகிரி இருக்கிறது. ககன்யானுக்கான கிரையோஜெனிக் (கடுங்குளிர் எரிபொருள்) எந்திரத்தை அங்கே 39 முறை எரித்துப் பார்த்தார்கள்; மொத்தம் 8,810 விநாடிகள். 6,350 விநாடிகளே போதும் என்பது விதி.

ககன்யானில் ஆள் ஏறும் நாளில் எண்ணிக்கை பாதியில் நின்றால் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். எது பழுது, யார் கண்டுபிடித்தார்கள், எப்படிச் சரிசெய்தார்கள் என்று தேடிப் படித்து எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள்.